முதுகு வலியை முழுதாகச் சொல்ல ஐந்து ஆண்டுகள் ஆயின

24 வயதில் எனக்கு முதுகு வலி தொடங்கியது. அது அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு அழற்சி நோய் என்று தெரிந்தபோது 29 வயது முடியப் போகிறது. இடைப்பட்ட காலத்தில் ஸ்கேன், பெல்ட், எண்ணெய்க் கட்டு, மெத்தை, ஊசி, மாத்திரை என்று ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல் கரைந்தது. நல்ல வேலை ஒன்று கைவிட்டுப் போனது. பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். யாரிடமும் சொல்ல முடியாமல் இருட்டில் விழித்துக் கிடந்த இரவுகள்தான் என்னை அதிகம் வாட்டின. இளவயதில் முதுகு வலியோடு நடமாடுகிறவர்களும், அவர்களைப் பெற்றவர்களும் படிக்க வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு மேற்பார்வையாளராக இருந்தேன். சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். ஆர்டர் அனுப்பும் தேதி நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், இரண்டு ஷிப்ட் என்று நிற்க வேண்டியிருக்கும். அதனால் முதுகு வலிக்கிறது என்று முதலில் சொன்னபோது யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. நிற்கிற வேலை, வலிக்காமல் என்ன செய்யும் என்றார்கள். ஆனால் என் வலி வேலையால் வருகிற வலியைப் போல நடந்துகொள்ளவில்லை. நள்ளிரவு தாண்டி இரண்டு, மூன்று மணிக்கு என்னை எழுப்பிவிடும். எழுந்து அறைக்குள் நடந்தால் கொஞ்சம் அடங்கும். விடிந்ததும் நேராக எழுந்து உட்கார முடியாது. ஒருக்களித்துப் புரண்டு, முழங்கையை ஊன்றி, சுவரைப் பிடித்துத்தான் எழுவேன். பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளிக்கக் குனிய முடியாமல், நின்றபடியே துப்பிச் சட்டையெல்லாம் நனைந்துவிடும். காலுறை மாட்டுவது பெரும்பாடு. இப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் உடம்பு மரக்கட்டையாக இருக்கும். பிறகு கம்பெனிக்குப் போய் மேசைக்கு மேசை நடக்க நடக்க, பத்துப் பதினோரு மணிக்குள் பாதிக்கு மேல் விட்டுவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்து ஓய்வெடுத்தால் திங்கட்கிழமை காலை இன்னும் மோசமாக இருக்கும்.

இந்த ஒரு செய்தியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாரம் தூக்கியோ, சுளுக்கியோ வருகிற சாதாரண முதுகு வலி பெரும்பாலும் அசைந்தால் கூடும், படுத்தால் குறையும். அசைந்தால் குறைந்து, படுத்தால் கூடுகிற வலி வேறு வகை. 45 வயதுக்குள் மெல்ல மெல்லத் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கமும் இருந்தால், அது தசையும் ஜவ்வும் சம்பந்தப்பட்ட விஷயமாக இல்லாமல், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் அழற்சியாக இருக்கலாம். இத்தனை அடையாளங்களும் என்னிடம் இருந்தன. ஆனால் மருத்துவர்கள் 'எங்கே வலிக்கிறது' என்று கேட்டார்களே தவிர, 'எப்போது வலிக்கிறது, எப்போது குறைகிறது' என்று கேட்கவில்லை. கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

சொல்லவிடாமல் தடுத்தவை வேறு சிலவும் உண்டு. அவற்றைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். கல்யாணம் ஆகாத இளைஞன் இடுப்பு வலிக்கிறது என்று சொன்னால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அறையில் உடன் தங்கியிருந்த நண்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். 'இந்த வயதிலேயே இடுப்பு போய்விட்டதா, அப்புறம் கல்யாணம் பண்ணி என்ன செய்யப் போகிறாய்' என்றார் கட்டிங் பிரிவில் இருந்த ஓர் அண்ணன். கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு கம்பெனியில் நான் வலியைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஊரில் அம்மா எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார். 'வெளியே யாரிடமும் சொல்லி வைக்காதே சாமி, வரன் வருகிற நேரம், சீக்குக்காரன் என்று பேர் கட்டிவிடுவார்கள்' என்றார். அம்மாவின் பயத்தில் நியாயம் இருந்தது. அதனால்தான் அதை மீறுவதும் எனக்குக் கடினமாக இருந்தது. முதுகு வலிக்கும் ஆண்மைக்கும் முடிச்சுப் போடுகிற இந்தப் பேச்சு எத்தனை இளைஞர்களை வாயடைக்க வைத்திருக்கிறது என்று நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. லாட்ஜில் அறை எடுத்து மாதம் ஒரு நாள் வந்து உட்காரும் வைத்தியர்களிடம் லேகியத்துக்குப் பணம் கட்டியவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு இருந்ததும் வெறும் இடுப்பு வலிதான்.

இன்னொரு கூச்சமும் இருந்தது. எனக்கு வலி உண்மையில் இடுப்பில் இல்லை. உட்காரும் இடத்தில், புட்டத்தின் ஆழத்தில், சில வாரம் வலது பக்கமும் சில வாரம் இடது பக்கமுமாக மாறி மாறி வந்தது. அதை எப்படி ஒருவரிடம் சொல்வது? மருத்துவர் எதிரில், பக்கத்தில் நர்ஸ் நிற்கும்போது, இடுப்பின் மேல்பக்கத்தில் கையை வைத்து 'இங்கேதான்' என்று காட்டிவிட்டேன். பக்கம் மாறி மாறி வரும் புட்ட வலி இந்த நோயின் முக்கியமான தடயங்களுள் ஒன்று என்று பிற்பாடு தெரிந்தது. உடம்பில் எந்த இடமாக இருந்தாலும், வலிக்கிற இடத்தில் விரலை வைத்துக் காட்டுங்கள். மருத்துவருக்கு அது இன்னோர் உறுப்பு, அவ்வளவுதான்.

முதலில் பார்த்த எலும்பு மருத்துவர் கீழ்முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். எல்4, எல்5 எனப்படும் கீழ்முதுகு எலும்புகளுக்கு இடையில் ஜவ்வு லேசாகப் பிதுங்கியிருப்பதாக அறிக்கை வந்தது. அன்றிலிருந்து 'ஜவ்வு விலகல்' என்பதே என் நோயின் பெயராகிவிட்டது. அடுத்தடுத்துப் பார்த்தவர்கள் எல்லோரும் அந்த அறிக்கையைப் பார்த்தார்கள். என்னை மறுபடி முதலிலிருந்து யாரும் விசாரிக்கவில்லை. முதுகில் எந்த வலியும் இல்லாத இருபது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலே, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஜவ்வில் தேய்மானமோ பிதுக்கமோ தெரியும் என்பது மருத்துவ உலகம் அறிந்த செய்தி. ஆகவே ஸ்கேனில் ஒன்று தெரிந்தது என்பதற்காக அதுதான் வலிக்குக் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. இந்த ஒரு வரியை அன்று நான் அறிந்திருந்தால் நிறையப் பணம் மிஞ்சியிருக்கும்.

ஜவ்வு விலகல் என்று ஆனதால், மூன்று வாரம் முழு ஓய்வு என்றார்கள். எனக்கு ஓய்வுதான் விஷம். சம்பளமில்லா விடுப்பில் படுத்துக் கிடந்தபோது என் வாழ்க்கையிலேயே மோசமான காலைகளைப் பார்த்தேன். பெல்ட் 1,200 ரூபாய். முதுகுக்கென்றே செய்த மெத்தை 19,000 ரூபாய், தவணையில். இழுவைச் சிகிச்சைக்கு ஒவ்வொரு தடவையும் 400 ரூபாய். விடுப்பு நீண்டதும் கம்பெனியில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார். முழு விவரத்தையும் நான் சொல்லியிருந்தால் மாற்றுப் பொறுப்பு தந்திருப்பார்களோ என்னவோ. 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லி விடுப்பெடுக்கும் ஒருவரை எத்தனை நாள் நம்புவார்கள்?

ஊருக்கு வந்ததும் கை வைத்தியம் தொடங்கியது. கால் முதலில் வெளியே வந்து பிறந்த பிள்ளை இடுப்பில் மிதித்தால் பிடிப்பு விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அப்படிப் பிறந்த ஒரு பையனைக் கூட்டிவந்து திண்ணையில் குப்புறப் படுத்த என் முதுகில் மெதுவாக ஏறச் சொன்னார்கள். அவனுக்கு ஏழெட்டு வயது இருக்கும். அவனுக்கும் பயம், எனக்கும் பயம். அதில் கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அதன்பிறகு நெட்டி எடுப்பவர் ஒருவரிடம் போனதுதான் என்னைப் படுத்திவிட்டது. முழங்காலை என் முதுகில் ஊன்றி, தோள்களைப் பின்னால் இழுத்தார். 'கடக்' என்ற சத்தம் கேட்டதும் சரியாகிவிட்டது என்றார். ஒரு வாரம் எழ முடியவில்லை. வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய் தேய்ப்பதும் இதமாக இருக்கும், செய்யலாம். காரணம் தெரியாத முதுகெலும்பை யாரும் முறுக்கவோ இழுக்கவோ விடாதீர்கள். அழற்சியால் இறுகிய முதுகெலும்பு எளிதில் முறியக்கூடியது.

திருப்பம் கண்ணிலிருந்து வந்தது. ஒரு நாள் இடது கண் சிவந்தது. ஊரில் மெட்ராஸ் ஐ பரவியிருந்த நேரம், அதுதான் என்று மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டேன். ஆனால் பீளை தள்ளவில்லை. வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை, கண்ணுக்குள் குடைச்சல், பார்வை மங்கல். மூன்றாம் நாள் கண் மருத்துவரிடம் போனேன். கருவியில் என் முகவாயை வைக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்துவிட்டு, இது மெட்ராஸ் ஐ இல்லை, கண்ணின் உள்ளே அழற்சி, யுவைட்டிஸ் என்றார். அப்புறம் அவர் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை: 'தம்பி, உங்களுக்கு முதுகு வலி உண்டா? காலையில் எழும்போது இறுக்கமாக இருக்குமா?'

நான் பேச ஆரம்பித்தேன். விடியற்காலை வலி, நடந்தால் குறைவது, புட்டத்தில் பக்கம் மாறுவது, காலையில் தரையில் கால் வைத்தால் குதிகால் குத்துவது எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருந்தார்கள். அந்த மருத்துவர் அம்மா கையை உயர்த்தவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முடிவில், கண்ணையும் முதுகையும் தனித்தனி நோயாகப் பார்க்க வேண்டாம், மூட்டு அழற்சி நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜி மருத்துவரைப் பாருங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். எத்தனையோ பேர் தொட்டும் அழுத்தியும் பார்த்த முதுகைப் பற்றி, அதைத் தொடாத ஒருவர்தான் சரியாகக் கேட்டார். கடிதத்தோடு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

கோவையில் பார்த்த ருமட்டாலஜி மருத்துவர் ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு என்னை நிற்க வைத்தார். கீழ்முதுகில் பேனாவால் ஒரு கோடு போட்டு, அதற்கு 10 சென்டிமீட்டர் மேலே இன்னொரு கோடு போட்டார். முழங்காலை மடக்காமல் குனியச் சொல்லி, தையல்காரர் வைத்திருக்கும் டேப்பால் இரண்டு கோட்டுக்கும் இடையே மறுபடி அளந்தார். நல்ல முதுகாக இருந்தால் அந்த இடைவெளி 15 சென்டிமீட்டரை எட்ட வேண்டும். எனக்கு 12தான் வந்தது. சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்ட நிற்கச் சொல்லி, தலையின் பின்பக்கம் சுவரைத் தொடுகிறதா என்று பார்த்தார். மூச்சை இழுக்கச் சொல்லி மார்பு எவ்வளவு விரிகிறது என்று அளந்தார். ஐந்து ஆண்டுகளில் ஒருவரும் செய்யாத, பத்துப் பைசா செலவில்லாத பரிசோதனைகள் இவை. பிறகுதான் இடுப்பு எலும்பும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் சேரும் சேக்ரோஇலியாக் மூட்டுக்கென்று தனியாக எம்.ஆர்.ஐ. எழுதினார். முன்பு எடுத்ததில் அந்த மூட்டு சரியாக வரவில்லை. இரண்டு பக்கமும் அழற்சி பளிச்சென்று தெரிந்தது. நோயின் பெயர் அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்.

பரிசோதனைகளைப் பற்றி இரண்டு சொல்ல வேண்டும். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகள் இந்த நோயில் பலருக்கு இயல்பாகவே இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தன. 'ரத்தம் நன்றாக இருக்கிறது, ஒன்றுமில்லை' என்று முன்பு ஒருவர் அனுப்பிவைத்ததும் அதனால்தான். எச்எல்ஏ-பி27 என்ற மரபணுவோடு இந்த நோய்க்குள்ள தொடர்பு 1973லேயே கண்டறியப்பட்டது. ஆனால் அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் வருவதே இல்லை. அதனால் அந்த ஒரு பரிசோதனையை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். சாதாரண எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். ஆக, ஆரம்பத்தில் மருத்துவரின் கையில் இருக்கிற பெரிய சாட்சி, நோயாளி சொல்லும் விவரம்தான். நோய் தொடங்கிக் கண்டுபிடிக்கப்படச் சராசரியாக ஆறேழு ஆண்டுகள் ஆகின்றன என்று வெளிநாட்டு ஆய்வுகளும் இந்திய ஆய்வுகளும் சொல்லும்போது, அந்த ஆண்டுகளில் ஒரு பகுதி கேட்காமலும் சொல்லாமலும் போனவை என்றே நான் நினைக்கிறேன்.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அழற்சியைக் குறைக்கும் வலி மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில், சிறுநீரகத்தையும் வயிற்றையும் கவனித்தபடி எடுத்தேன். இரண்டு வாரத்தில் விடியற்காலை விழிப்பு பாதியாகக் குறைந்தது. மருந்து அளவுக்கு உடற்பயிற்சியும் முக்கியம். தினமும் முதுகை நீட்டும் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, முடிந்தபோது நீச்சல். புகைப்பழக்கம் இந்த நோயை விரைவுபடுத்தும் என்பதால் அதை விட்டேன். மாத்திரையால் முழுதாகக் கட்டுப்படாதபோது அடாலிமுமாப் போன்ற ஊசிகள் உண்டு. அதைப் போடுமுன் காசநோய் உள்ளே உறங்கிக் கிடக்கிறதா என்று கட்டாயம் சோதிக்க வேண்டும். இல்லையென்றால் அது தலைதூக்கிவிடக்கூடும். ஊசி விலை கூடுதல்தான். ஆனால் 2014 இறுதியில் இந்தியாவிலேயே அதற்கு இணையான மருந்து தயாராகி வந்த பிறகு பழைய விலை இல்லை. தனியார் மருத்துவமனைக்குச் செலவு செய்ய இயலாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ருமட்டாலஜிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இதைப் பார்க்கிறார்கள்.

நோயின் பெயரை வீட்டில் சொன்ன அன்று, அத்தை ஒரு செய்தி சொன்னார். காலமான என் பெரியப்பாவுக்கு முப்பது வயதிலிருந்தே கழுத்து திரும்பாதாம். யாராவது கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பாராம். முதுகு வளைந்து போனதற்கு மூட்டை தூக்கியதுதான் காரணம் என்று குடும்பமே நம்பியிருந்தது. அவருக்கு அடிக்கடி கண்ணும் சிவக்குமாம். யாரும் அதை மருத்துவரிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. கூன் விழுந்தவர் இருந்த குடும்பம் என்று தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். பெரியப்பாவின் முதுகைப் பற்றி முன்பே ஒரு வார்த்தை தெரிந்திருந்தால், முதல் மருத்துவரிடமே நான் அதைச் சொல்லியிருப்பேன். வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: யாருக்காவது கூன், தீராத முதுகு வலி, கண் சிவப்பு, தோலில் சொரியாசிஸ், குடல் அழற்சி இருந்ததா என்று. இவை எல்லாம் ஒன்றோடொன்று தொடர்புள்ளவையாக இருக்கலாம்.

அதன்பிறகு நான் மறைப்பதை நிறுத்தினேன். இங்கிலாந்து அணிக்கு 54 டெஸ்ட் போட்டிகளில் தலைமை தாங்கிய மைக்கேல் ஆதர்டனுக்கும் இதே நோய்தான். இதைச் சொன்னதும் என் தம்பி முகத்தில் வந்த தெம்பை மறக்க மாட்டேன். இப்போது வேலை செய்யும் இடத்தில், சேர்ந்த முதல் வாரமே முதலாளியிடம் மருத்துவர் கடிதத்தைக் காட்டினேன். 'காலையில் அரை மணி நேரம் தாமதமாக வருவேன், மாலையில் சேர்த்துப் பார்த்துவிடுகிறேன். ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது' என்று, என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்னேன். சரி என்றார். 'வலிக்கிறது' என்று பொதுவாகச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. இன்னது முடியும், இன்னது முடியாது என்றால் வழி பிறக்கிறது. பெண் பார்க்கப் போன வீட்டிலும் பெண்ணிடம் நேரில் சொன்னேன். அம்மா பயந்தது ஒரு வீட்டில் நடந்தது. வரன் வேண்டாம் என்றார்கள். அடுத்த வீட்டில், மருத்துவரை நானும் வந்து பார்க்கலாமா என்று கேட்டவர்தான் இன்று என் மனைவி.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் இவ்வளவையும் எழுதி எடுத்துப் போங்கள்: எந்த வயதில் தொடங்கியது, இரவில் எத்தனை மணிக்கு எழுப்புகிறது, காலை இறுக்கம் எவ்வளவு நேரம், நடந்தால் கூடுகிறதா குறைகிறதா, வலி மாத்திரை போட்டால் எவ்வளவு கேட்கிறது, கண், தோல், வயிறு, குதிகால் தொந்தரவுகள், குடும்பத்தில் யாருக்கு என்ன. உள்ளே போனால் பாதி மறந்துவிடும், தாள் மறக்காது. காய்ச்சல், எடை குறைவது, இரவில் வியர்ப்பது சேர்ந்திருந்தால் முதுகெலும்புக் காசநோயாகவும் இருக்கலாம், கட்டாயம் சொல்லுங்கள். திடீரென்று சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப் போனாலோ, கால்கள் பலமிழந்தாலோ அது அவசர நிலை. கூச்சப்பட்டு விடியும்வரை காத்திருக்காமல் அப்போதே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

போன மாதம் பெரியப்பாவின் பேரன் என்னை அழைத்தான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். காலையில் குதிகால் குத்துகிறது, உட்காரும் இடத்தில் வலிக்கிறது, வீட்டில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது சித்தப்பா என்றான். அப்படியே அவன் அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவன் பேசிய அரை மணி நேரத்தையும் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வருகிற புதன்கிழமை அவனைக் கோவைக்குக் கூட்டிப் போகிறேன்.